சதை கொழுப்பா மாறாதுங்க சாமி!

"ஜிம்மை விட்டா ஏத்தின சதையெல்லாம் கொழுப்பா மாறிடும், பவுடரை நிறுத்தினா உடம்பு காத்துப் போன பலூன் ஆயிடும்." ஓசூர் பாகலூர் ரோடு, சிப்காட் பக்கம் ஜிம் பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் இந்த வேதத்தை ஓத ஒருத்தர் வந்துடறார். எனக்கு இதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. இது அறிவுரை இல்லை, பயமுறுத்தி சந்தா வாங்குற வேலை.

முதல்ல ஒரு விஷயம். சதை வேற திசு, கொழுப்பு வேற திசு. ஒண்ணு இன்னொண்ணா மாறவே மாறாது. சதைக் கணக்குல வரவு எழுதி கொழுப்புக் கணக்குல பற்று எழுத, உடம்பு என்ன நம்ம பி.காம். பேரேடா? :) நடக்கறது இதுதான்: உழைப்பு குறையுது, சாப்பாடு குறையலை. மிச்சம் தொப்பையில சேருது. அதே நேரம் வேலையில்லாத சதை மெல்ல மெலியுது. ரெண்டும் தனித்தனிக் கதை.

சரி, நிறுத்தினா முதல்ல என்ன போகும்? மூச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள ரத்தத்தோட திரவ அளவு குறைஞ்சு, மாடி ஏறினா இளைக்கும். பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது, மூணு நாலு வாரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கிரியேட்டின் நிறுத்தினவங்களுக்கு ஒண்ணு ரெண்டு கிலோ இறங்கலாம். அதுல பெரும்பங்கு தசைக்குள்ள தங்கியிருந்த தண்ணி. அதைப் பார்த்துட்டு 'போச்சு, எல்லாம் போச்சு'ன்னு அடுத்த டப்பா வாங்க ஓடுறதுதான் கூத்து.

அந்த டப்பா லட்சணம் தெரியுமா? 2024-ல இந்தியாவுல விக்கிற 36 புரோட்டீன் பவுடர்களைப் பரிசோதிச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. அதுல கிட்டத்தட்ட 70 சதவீதத்துல லேபிள்ல போட்ட புரோட்டீன் அளவு தப்பு. அதே வருஷம் ஐ.சி.எம்.ஆர்-ஓட தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் உடம்பு ஏத்த இந்தப் பவுடர்கள் வேண்டாம்னு சொல்லிடுச்சு. நாலு முட்டையில சுமார் 24 கிராம் புரோட்டீன், ஒரு ஸ்கூப்லயும் ஏறக்குறைய அவ்வளவுதான். நம்ம கிருஷ்ணகிரி மண்ணுல விளையற கொள்ளுல 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல இருக்கு. ஸ்டீராய்டு ஊசி மட்டும் வேற ரகம். அதை நிறுத்தினா சொந்த ஹார்மோன் திரும்பச் சுரக்க மாசக்கணக்கா ஆகலாம். அதைக் கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும்.

இதனால உடற்பயிற்சியே வேண்டாம்னு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. 1966-ல அமெரிக்காவோட டல்லாஸ்ல 20 வயசுப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் படுக்கையிலயே கிடக்க வச்சாங்க. 30 வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரைச் சோதிச்சப்ப, 30 வருஷ வயசாலகூட அந்த மூணு வார அளவுக்கு அவங்க திறன் விழலைன்னு தெரிஞ்சுது. ஆறு மாசப் பயிற்சியில பழைய அளவுக்கு மீண்டும் வந்தாங்க. சும்மா கிடக்கறது ஆபத்து, ஆனா மீட்க முடியாத ஆபத்து இல்லை.

இப்ப முக்கியமான கேள்வி. நம்ம ஊர்ல ஜிம்மை விடறது யார்? பெரும்பாலும் வாரா வாரம் ஷிப்ட் மாறுற கம்பெனிப் பசங்க. அவங்களைப் பார்த்து 'டிசிப்ளின் இல்லை'ன்னு சொல்ல யாருக்கும் கூசறதில்லை. 2023 பிப்ரவரியில அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துல 12 மணி நேர வேலைக்குச் சட்டத் திருத்தம் நிறைவேறுச்சு. ஏப்ரல்ல நம்ம சட்டசபையும் அதே வழியில போச்சு, எதிர்ப்பு கிளம்பி மே 1 அன்னைக்கு வாபஸ் அறிவிச்சாங்க. ஒரு தொழிலாளியோட உடம்பைத் தீர்மானிக்கறது அவன் மன உறுதி மட்டும் இல்லை, அவனுக்கு மிஞ்சுற நேரமும்தான்.

நேரம் இல்லாதவங்களுக்கு ஒரு நல்ல சேதி: 2011-ல வந்த ஒரு ஆய்வுல, 16 வாரம் பயிற்சி செஞ்ச இளவயசுக்காரங்க, அதுக்கப்புறம் 32 வாரம் வாரத்துக்கு ஒரே நாள் செஞ்சே சதையைத் தக்க வச்சுக்கிட்டாங்க. ஆக, இளவயசுக்காரங்களுக்கு ஏத்தின சதையைத் தக்க வைக்க வாரத்துக்கு ஒரு நாள் போதும். இதை எந்த ஜிம் போர்டுலயாவது எழுதி வச்சிருக்காங்களா? வைக்க மாட்டாங்க. வருஷ சந்தா எப்படி விக்கறதாம்?