கிலோ கணக்கில் போகும் சோமனூர்

கோவை–ஈரோடு ரயில் தடத்தில் சோமனூர் சின்ன நிலையம்தான். விசைத்தறித் தொழிலில் அந்தப் பெயர் பெரியது. கோவை, திருப்பூர் மாவட்டத் தறியாளர்களுக்கு 2021 நவம்பரில் கூலி உயர்வு பேசி முடிக்கப்பட்டபோது, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் என்றுதான் அறிவிப்பே வந்தது. அந்த உயர்வு கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மறுபடியும் வேலைநிறுத்தம். இப்படி நிற்கும் தறிகளில் சில திரும்ப ஓடுவதே இல்லை. உடைத்துப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

தறியோடு சேர்ந்து வேறு சிலவும் போகின்றன. பாவு வாங்கிய தேதியும் துணி கொடுத்த மீட்டரும் எழுதிய கூலி நோட்டுகள் பழைய பேப்பர் கட்டில் சேர்கின்றன. முதல் தறி ஓட்டிய தாத்தாவின் ஸ்டுடியோ படம், வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணுக்கு ஏறி, கரையானுக்குப் போகிறது.

கொங்கு நாட்டின் பழங்காலம் இவ்வளவு மோசமாகக் கைவிடப்படவில்லை. கொடுமணல் அகழாய்வு கண்டது. வெள்ளலூரில் 1842-லும் 1891-லும் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் ஆய்வு நூல்களில் ஏறிவிட்டன. 2023-இல் மறைந்த புலவர் செ. இராசு, செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடித் தேடிப் படித்துப் பதிப்பித்தார். கடைசி நூறு ஆண்டுகளுக்குத்தான் அப்படியொரு ஆள் வாய்க்கவில்லை. 1888-இல் கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லும், 1932-இல் வந்த பைக்காரா மின்சாரமும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வரைத் தொழிற்சங்கங்கள் இன்றும் நினைவுகூர்கின்றன. அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறநிலையத்தின் ஜவுளி அருங்காட்சியகமும் உண்டு. ஆனால், ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் வாங்கி, கூலிக்குக் காடாத் துணி நெய்து கொடுத்த குடும்பங்களின் கதை இவற்றுக்குள் அடங்கிவிடாது.

தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் ஒரு நாடாவை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் இரும்பு முனை. நடுவே நூல் சுற்றிய தார் உட்காரும் பள்ளம். பக்கத்தில் நூல் வெளிவரும் சிறு துளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், வழவழப்பான மரத்துண்டு, அவ்வளவுதான். தார் தீர்ந்ததும் எத்தனை நொடியில் மாற்ற வேண்டும், நாடா தெறித்து வெளியே பாய்ந்தால் யாருக்கு அடிபடும், ராத்திரி உட்கார்ந்து தார் சுற்றிய பெண்ணின் உழைப்பு எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதெல்லாம் தறி ஓட்டியவர் சொன்னால்தான் தெரியும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நாடாத் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்தார்கள். அதனால் நோய் பரவும் என்ற அச்சமும் இருந்தது. அந்தச் செய்தி தெரிந்த பிறகு அதே மரத்துண்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. பொருளும் படமும் பேச்சும் சேர்ந்தே சேகரிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களை மின்வடிவில் சேமித்தது. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில், இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் காப்பாற்றி வருகிறது. அமிர்தசரஸில் 2017-இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்துக்குச் சாமான்களையும் நினைவுகளையும் தந்தவை அகதிகளாக வந்த குடும்பங்களே. கட்டடம் கட்டிவிட்டுப் பொருள் தேடிய கதை இவற்றில் இல்லை.

சோமனூருக்கும் அதுவே பொருந்தும். கோடிகளில் மணிமண்டபம் கேட்டு மனு எழுதுவதைவிட, ஓடுகிற நிலையில் இரண்டு தறி, படங்களை நகலெடுக்க ஒரு ஸ்கேனர், எழுபது வயது தாண்டியவர்களிடம் பேச நாலு கல்லூரி மாணவர்கள் என்று தொடங்குவது மேல். படத்தை நகலெடுத்துக்கொண்டு அசலை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த வீட்டுக் கதவும் திறக்கும். பெருமை பேசும் கதைகளை மட்டும் பொறுக்கினால் அது விழா மலராகத்தான் முடியும். இரைச்சலில் மந்தமான காது, கந்து வட்டி, கூலிப் போராட்டத்தில் உற்பத்தியாளர் சொன்ன நியாயம், வடமாநிலத்திலிருந்து வந்து தறி ஓட்டும் இளைஞரின் அனுபவம் எல்லாமே அந்தச் சேகரிப்பில் இருக்க வேண்டும்.

அதுவரை வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய படங்களை லேமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவையுங்கள். தறியை விற்றே ஆக வேண்டுமென்றால், எடை போடுவதற்கு முன் அதை ஓட்டியவரை அதன் பக்கத்தில் நிறுத்தி, செல்போனில் பத்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.