அடியில் ஒன்றும் தேங்கவில்லை

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் வழக்கமாகச் சொல்வது: "மேலேயே இவ்வளவு பாறைன்னா, அடியில என்னென்ன கிடக்குமோ!" ஒரு காலத்தில் அது தங்கம். கைப்பேசியும் பேட்டரி வண்டியும் வந்தபிறகு லித்தியம், டான்டலம், 'ரேர் எர்த்' என்று புதையலுக்குப் பெயர் மாறியிருக்கிறது. நம்பிக்கை மட்டும் பழையதுதான். பாறை குழம்பாகக் கிடந்த காலத்தில் கனமான உலோகமெல்லாம் அடியில் படிந்துவிட்டதாம். ஆழமாகத் தோண்டினால் அள்ளலாமாம். அதைச் சொல்லாமல் மறைக்கிறார்களாம். படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். படிந்தது என்பதே தவறு என்னும்போது மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

கிரானைட் குழம்பு ஆறும்போது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற சாதாரணக் கனிமங்களே பெருமளவில் உறைகின்றன. அவற்றின் படிகக் கட்டுக்குள் டான்டலம், நையோபியம் அணுக்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. லித்தியத்துக்கும் இதே கதிதான். அதனால் அவை கரைந்தபடியே மீதிக் குழம்பில் தங்குகின்றன. மரக்காணம் உப்பளத்தில் உப்பு முதலில் உறைந்துவிட, கசப்பான தாதுக்கள் கடைசி நீரில் சேர்ந்துகொண்டே போவதைப் போல. கனம் இங்கே பெரிய விஷயமே இல்லை. எது எதில் கரையும், எவ்வளவு கரையும் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கு கொஞ்சம் கடுமையானது. பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 1 கிராம் அளவுக்குத்தான் டான்டலம் உண்டு. அதன் கனிமமான டான்டலைட் படிகமாகப் பிரிய வேண்டுமென்றால் குழம்பில் டன்னுக்கு நூற்றுக்கணக்கான கிராமாவது சேர்ந்திருக்க வேண்டும். நூறு பங்கு குழம்பில் தொண்ணூற்றொன்பது பங்கு இறுகி, டான்டலம் முழுவதும் மீதி ஒரு பங்கில் ஒதுங்கினால்கூட நூறு கிராம்தான் ஆகும். குழம்பின் குணமும் குறுக்கே நிற்கும். 1997இல் லின்னன், கெப்ளர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கிரானைட் குழம்பைச் சோதனைக்கூடத்தில் உருக்கி இதை அளந்து காட்டினார்கள். சோடியமும் பொட்டாசியமும் அலுமினியத்தை விஞ்சி நின்றால் நையோபியம் தாராளமாகக் கரையும், படிகமாக அவசரப்படாது. அந்த மிகுதி குறையக் குறையக் கரைதிறன் மளமளவென்று சரியும். வெப்பம் தணிந்தாலும் அப்படியே. நையோபியக் கனிமம் டான்டலக் கனிமத்தைவிடக் குறைவாகவே கரைவதால் நையோபியம் முந்திக்கொண்டு வெளியேறுகிறது. டான்டலம் கடைசிச் சொட்டுவரை காத்திருக்கிறது.

அந்தக் கடைசிச் சொட்டோ நீரும் ஃபுளூரினும் போரானும் நிறைந்தது, இளகியது. அது கீழே இறங்குவதில்லை. பாறையின் உச்சியிலும் ஓரத்திலும் உள்ள வெடிப்புகளுக்குள் புகுந்து, பெரிய பெரிய படிகங்கள் கொண்ட பெக்மடைட் கீற்றாக உறைகிறது. கனடாவின் டான்கோ, ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் போன்ற பெயர்பெற்ற சுரங்கங்கள் இந்தக் கீற்றுகளில் அமைந்தவைதான்.

திண்டிவனமும் செஞ்சியும் அடங்கிய விழுப்புரம் வட்டாரக் கல் வேறு சாதி. ஜல்லிக்காகக் கிரஷரில் விழுகிற கருங்கல்லில் பெரும்பங்கு சார்னோக்கைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முன், மேலோட்டின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில், நீர் வறண்ட நிலையில் உருவானது. உலோகத்தைச் சுமந்து செல்லும் அந்த நீர்த்த கடைசிக் குழம்பு தங்குவதற்கு இதைவிடப் பொருந்தாத இடத்தைத் தேடிப்பிடிப்பது கடினம். 'ஆழம்' என்று நம் ஆட்கள் ஆசையோடு சொல்கிறார்களே, அந்த ஆழம்தான் இங்கே எதிரி. பல்லவன் மகேந்திரவர்மன் இதே வட்டாரத்து மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். பாறைக்குள்ளும் டான்டலம் இல்லை என்று சேர்த்துச் சொல்லியிருந்தாலும் அவனோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

துளியும் இல்லை என்று சொல்லவில்லை. சிர்கான் மணிகளும் 'ரேர் எர்த்' அடங்கிய மோனசைட் மணிகளும் நம் கருங்கல்லில் பொடிப்பொடியாக உண்டு. அலுமினியம் மிகுந்த குழம்பில் லேசில் கரையாத பிடிவாதக்காரக் கனிமங்கள் அவை. ஆனால் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டை அள்ளுவது கடற்கரை மணலிலிருந்து. பாறையை அரித்து, எடை பார்த்துப் பிரித்துக் குவித்தவை ஆறும் அலையும். கனமானது ஒதுங்கும் என்ற வாதம் அங்கே செல்லும், மாக்மாவுக்குள் செல்லாது.

இந்த அறியாமையில் பிழைக்கிற கூட்டமும் இருக்கிறது. இரிடியம் கலசம், 'ரைஸ் புல்லிங்' என்று சொல்லி வீட்டை விற்க வைத்தவர்களைத் தமிழ்நாட்டுக் காவல்துறை எத்தனை முறை பிடித்துவிட்டது! பூமி உருவான காலத்தில் இரும்போடு சேர்ந்து நடுக்கருவுக்கு இறங்கிவிட்ட உலோகம் இரிடியம். அந்த ஒரு விஷயத்தில் 'அடியில் போய்விட்டது' என்பது உண்மைதான். சுமார் 2,900 கிலோமீட்டருக்குக் கீழே. மேலோட்டில் மிஞ்சியது டன்னுக்கு ஆயிரத்தில் ஒரு கிராம்கூடத் தேறாது.

சரியான வகைப் பாறை கிடைத்த இடத்தில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டம் மர்லகல்லாவில் பெக்மடைட் உண்டு, லித்தியமும் உண்டு. 2020இல் 14,100 டன் என்று செய்தி பரவியது. அணுக் கனிம ஆய்வு இயக்குநரகம் 2021இல் சொன்ன மதிப்பு 1,600 டன், அதுவும் முதல்கட்ட ஊகக் கணக்கு. விழுப்புரத்திலும் தேட விரும்புகிறவர்கள் குழியை ஆழப்படுத்த வேண்டாம். வெள்ளைக் கீற்று ஒன்று கண்ணில் பட்டால், அதிலுள்ள ஃபெல்ஸ்பாரை ஆய்வகத்தில் கொடுத்துப் பொட்டாசியத்துக்கும் ரூபிடியத்துக்குமான விகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ரூபிடியம் ஏறி அந்த விகிதம் வெகுவாகச் சரிந்திருந்தால் அது கடைசிக் குழம்பு, மேலே பேசலாம். சரியவில்லையா, கல்லை ஜல்லிக்கு அனுப்பிவிடுங்கள்.