உரிமையில்லாத பதக்கம், ஊரின் பொறுப்பு

ஆகஸ்ட் 15 அன்று குற்றாலத்தில் பெரும்பாலும் சாரல் விட்டிருக்காது. அன்று காலை தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்துப் பள்ளிகளில் கொடியேற்று விழாவுக்கு முன்னாள் படைவீரர்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பது வழக்கம். சட்டையின் இடப்பக்கம் மெடல்கள் வரிசையாகத் தொங்கும். பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். "நாட்டுக்காகப் போராடியவர்" என்று மேடையில் ஒரு வரியில் அறிமுகம் முடிந்துவிடும். எந்தப் படைப்பிரிவு, எந்த முனை, அந்தப் பதக்கம் எதற்காகக் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

உண்மையில் உழைத்தவருக்கு அந்தக் கேள்வியைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் சொல்வார். கேட்காமல் விடுவதால் பயன் அடைகிறவர், தனக்கு உரிமையில்லாத பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்து நிற்பவர் மட்டுமே.

பணியில் இருக்கும் படைவீரர் ஒருவர் தான் ஈட்டாத பதக்கத்தை அணிந்தால் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அந்தப் பொறுப்பை ராணுவத்தின் தலையில் மட்டும் வைத்துவிட்டு மற்றவர்கள் கைகட்டி நிற்க முடியாது என்பதே நாம் சேர்ந்து யோசிக்க வேண்டியது.

இந்தக் குடியரசு பட்டங்களை ஒழித்த குடியரசு. ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாவற்றையும் அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு ஒரே வரியில் மூட்டை கட்டி அனுப்பியது. அந்தப் பிரிவே இரண்டுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஒன்று கல்விச் சிறப்பு, மற்றொன்று ராணுவச் சிறப்பு. எல்லோரும் சமம் என்று அறிவித்த ஒரு நாடு, அதைச் சொன்ன இடத்திலேயே, உயிரைப் பணயம் வைத்தவரைத் தனியாக அடையாளம் காட்ட இசைந்தது. அந்த அடையாளத்தைப் பொய்யாக அணிபவர் படையின் ஒழுங்கைக் கெடுப்பதோடு, குடிமக்கள் எல்லோரும் கூடி விட்டுக்கொடுத்த ஓர் இடத்தையும் களவாடுகிறார்.

பதக்கங்களில் எத்தனை நுணுக்கமான வேறுபாடுகள் இருக்கின்றன என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். பரம்வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது. அவர்களில் 14 பேருக்கு அது உயிர் போன பிறகு வந்தது. 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அந்த 14 பேரில் ஒருவர். வீர விருதுகளை விட்டுவிட்டுப் பணிப் பதக்கங்களைப் பார்த்தாலும் இதே கறார்தான். 1999 கார்கில் போரில் சண்டை நடந்த முனையில் நின்றவர்களுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார். அதே போருக்காகத் திரட்டப்பட்டுப் பின்னணியில் பணியாற்றியவர்களுக்கு ஆபரேஷன் விஜய் மெடல். இரண்டும் கௌரவமானவை. ஆனால் மெடல் பெற்றவர் ஸ்டாரை அணிந்தால், டிராஸ் மலைச் சரிவில் குண்டுக்கு முன்னால் ஏறியவனின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்கிறார். சியாச்சினுக்குத் தனிப் பதக்கம் உண்டு, காயம் பட்டவருக்குத் தனிப் பதக்கம் உண்டு. தெரிந்தவர் ஒருவர் மார்பில் இருக்கும் ரிப்பன் வரிசையைப் பார்த்தே அவருடைய பணிக்காலம் முழுவதையும் சொல்லிவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில், படையின் ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் கேடான செயல்களுக்கு 63-ஆவது பிரிவு இருக்கிறது. அதன்கீழ் கோர்ட் மார்ஷல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அதிகாரி தன் பதவிக்குத் தகாத முறையில் நடந்தால் 45-ஆவது பிரிவின்கீழ் பதவி பறிபோகலாம். ஆக, சீருடையில் இருப்பவரைத் தண்டிக்கச் சட்டம் போதுமானது.

வெளியில் நிலைமை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவு, படைவீரர் அல்லாத ஒருவர் தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்பும்படி சீருடையோ அடையாளமோ அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140-ஆவது பிரிவில் அபராதம் 500 ரூபாய். புதிய சட்டம் தொகையைத்தான் கூட்டியது, பிரிவின் எல்லையை விரிக்கவில்லை. பதக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. உண்மையாகவே படையில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர், தான் போகாத போரின் பதக்கத்தைக் கடையில் வாங்கி அணிந்தால் அந்தப் பிரிவு அவரைத் தொடுமா என்பது சந்தேகம். ராணுவச் சட்டமும் பொதுவாக ஓய்வு பெற்றவர் வரை நீளாது. அவர் அதைக் காட்டிப் பணமோ சலுகையோ பெற்றிருந்தால் மட்டுமே ஏமாற்றுக் குற்றத்துக்கான பிரிவுகள் கைகொடுக்கும்.

கடையில் வாங்குவதா என்று கேட்கலாம். டெல்லி கண்டோன்மென்ட் பகுதியில் கோபிநாத் பஜார் இருக்கிறது. சீருடை, தொப்பி, பெல்ட்டோடு மெடல்களும் அங்கே கிடைக்கும். இப்படி ஒரு வியாபாரம் வளர்ந்ததில் அரசுக்கும் பங்கு உண்டு. வீரர்களுக்கு உரிய பதக்கங்கள் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தன. அறிவிப்பு வந்துவிடும், பதக்கம் வந்து சேராது. அணிவகுப்பு நாளில் மார்பு வெறுமையாக இருக்கக் கூடாதே என்று நேர்மையான வீரர்களே கைக்காசு போட்டுக் கடையில் நகலை வாங்கி அணிந்தார்கள். உரிமை உள்ளவருக்குக் கொடுக்க வேண்டியதை அரசு காலத்தில் கொடுக்காமல் விட, உரிமை இல்லாதவனும் அதே கடையில் அதே விலைக்கு வாங்க முடிந்தது. அரசு முத்திரையிட்டு, வீரரின் எண்ணும் பெயரும் விளிம்பில் பொறித்துக் கொடுக்கும் பதக்கம் குறித்த நாளில் கைக்கு வந்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி நீங்கும். தண்டனையைப் பற்றிப் பேசும் பாதுகாப்பு அமைச்சகம் முதலில் முடிக்க வேண்டிய வேலை இது.

கடையில் வாங்கிய பதக்கமாவது அணிந்தவரின் மார்போடு நின்றுவிடும். பதக்கத்துக்காகவே ஒரு போர்ச் செயலைப் புனைவது அதைவிடக் கொடியது. 2003-இல் சியாச்சினில் நடந்ததை நாடு மறந்துவிடக் கூடாது. பாகிஸ்தான் வீரர்களைக் கொன்றதாகவும் பதுங்குகுழிகளைத் தகர்த்ததாகவும் போலியாகப் படம் பிடித்து அனுப்பிய விவகாரத்தில், கூர்க்கா ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் மேஜர் சுரீந்தர் சிங்கை ராணுவ நீதிமன்றம் பணிநீக்கம் செய்தது. அதே ஆண்டு அசாமின் கச்சார் பகுதியில் பொதுமக்கள் சிலரைப் படுக்கவைத்து, மேலே தக்காளி சாஸை ஊற்றி, சுட்டுக் கொல்லப்பட்ட தீவிரவாதிகள் என்று படம் காட்டிய வழக்கில் கர்னல் எச்.எஸ்.கோலி பணிநீக்கம் செய்யப்பட்டார். மேலதிகாரி சொல்லித்தான் செய்ததாக அவர் வாதிட்டார். கச்சாரில் படுத்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். 2010 ஏப்ரலில் காஷ்மீரின் மச்சிலில் அப்படி நடக்கவில்லை. வேலை தருவதாக அழைத்துச் செல்லப்பட்ட மூன்று இளைஞர்கள் எல்லை தாண்டி வந்த தீவிரவாதிகள் என்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவ நீதிமன்றம் 2014-இல் ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2017-இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தது.

இவற்றைச் சொல்வது படையை இழிவுபடுத்தும் செயல் என்று சிலர் கருதக்கூடும். முதல் இரண்டு வழக்கிலும் பொய்யைக் கண்டு தண்டித்தது ராணுவம்தான். தன் ஆட்களில் தவறியவரை வெளியேற்றும் துணிவு இருப்பதால்தான் மற்றவர்களின் பதக்கங்களுக்கு மதிப்பு நிற்கிறது. பணமும் இதில் இருக்கிறது. 2017-இல் மாதாந்திர வீர விருதுப் படி இரட்டிப்பாக்கப்பட்டபோது பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய், சேனா மெடலுக்கு 2,000 ரூபாய் என்று ஆனது. உழைத்தவருக்கு இது மிகக் குறைவு. புனைந்தவருக்கு ஒரு ரூபாயும் அதிகம்.

தண்டனை எப்படி இருக்க வேண்டும் என்பதில் மற்ற நாடுகள் தடுமாறியதிலிருந்து நாம் கற்கலாம். அமெரிக்காவில் 2006-இல் ஒரு சட்டம் வந்தது. ராணுவப் பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்வதே குற்றம் என்றது அது. கலிஃபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரியத்தின் உறுப்பினரான சேவியர் அல்வாரெஸ் அப்படிப் பொய் சொல்லி மாட்டினார். 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று தள்ளியது. அடுத்த ஆண்டே, பணமோ வேறு ஆதாயமோ பெறும் நோக்கத்தோடு சொன்னால் குற்றம் என்று திருத்திய சட்டம் வந்தது. சீருடையில் இருப்பவர்களுக்கு அங்கே ராணுவச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. பிரிட்டனில் இதற்கென இருந்த பழைய பிரிவு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. மீண்டும் கொண்டுவர முயன்ற மசோதா 2017 பொதுத்தேர்தலோடு காலாவதியானது.

அமெரிக்க வழியே நமக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். டீக்கடையில் அளந்துவிடும் முதியவரைச் சிறையில் தள்ள வேண்டியதில்லை. அந்தப் பதக்கத்தைக் காட்டி வேலையோ ஒதுக்கீடோ நன்கொடையோ வாக்கோ பெறுபவரைத் தண்டிக்கத் தெளிவான பிரிவு வேண்டும். பணியில் இருப்பவருக்கு அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்கலாம். தெரியாமல் நேர்ந்த பிழையென்றால் திருத்தி எச்சரிக்கலாம். தெரிந்தே பகட்டுக்கு அணிந்தால் பதவி இறக்கம், பணிமூப்பு இழப்பு. பதவி உயர்வுக்கோ பணத்துக்கோ புனைந்தால் பணிநீக்கம், சிறை. எதுவானாலும் முடிவு வெளியே தெரிய வேண்டும்.

பிழைக்கும் புரட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து தலைமைத் தளபதி வரை உயர்ந்தவர் அட்மிரல் ஜெரமி பூர்டா. அவருடைய ரிப்பன்களில் இருந்த, போர்முனை வீரத்தைக் குறிக்கும் மிகச் சிறிய 'வி' எழுத்துச் சின்னம் இரண்டுக்கு உரிமை உண்டா என்று செய்தி இதழ் ஒன்று கேள்வி எழுப்பியபோது, 1996 மே 16 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு அந்த உரிமை உண்டா இல்லையா என்ற வாதம் அதன் பிறகும் நடந்தது. எனவே கேள்வி கேட்பது கடமை. கேட்காமலே ஒருவரைப் படம் எடுத்துச் செல்போனில் ஊர் முழுக்கப் பரப்பி அவமானப்படுத்துவது அதைவிடப் பெரிய குற்றம்.

தமிழருக்கு இது புதிய பாடமும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. எந்த ஊரில் நடந்த ஆநிரைப் பூசல், வீழ்ந்தவன் யார் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். ஊர் பார்த்த செயலுக்கு ஊர் நட்ட கல் அது. தானே தனக்கு யாரும் கல் நட்டுக்கொள்ள முடியாது. நம் தென்காசி மாவட்டத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கும், அவர் படையில் நின்ற ஒண்டிவீரனுக்கும் வெண்ணிக் காலாடிக்கும் எந்த அரசும் அன்று பதக்கம் தரவில்லை. சரிந்த குடலைத் தலைப்பாகைத் துணியால் கட்டிக்கொண்டு போரிட்டதாக வெண்ணிக் காலாடியை ஊர் இன்றும் சொல்கிறது. நம் காலத்தில், அதே வரிசையில், செங்கோட்டையை அடுத்த மூன்றுவாய்க்காலைச் சேர்ந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர் சந்திரசேகர் 2020 மே 4 அன்று காஷ்மீரின் ஹந்த்வாராவில் உயிர் நீத்தார். ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்த நாட்கள் அவை.

வீரமரணம் அடைந்த ராணுவ வீரரின் பதக்கத்தை அவருடைய நெருங்கிய உறவினர் நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில் அணியலாம் என்று ராணுவம் அனுமதித்திருக்கிறது, ஆனால் வலப்பக்க மார்பில். இடப்பக்கம் ஈட்டியவருக்கு மட்டும். பெற்ற தாய்கூடத் தன் மகனின் பதக்கத்தை இடப்பக்கம் அணிய முடியாது என்ற அளவுக்கு நேர்மை பார்க்கும் ஒரு மரபில், கடையில் வாங்கியதை இடப்பக்கம் குத்திக்கொள்பவரை நாம் எப்படிப் பொறுப்பது?

சரிபார்ப்பது கடினமும் இல்லை. ஒவ்வொரு முன்னாள் படைவீரரிடமும் டிஸ்சார்ஜ் புக் இருக்கும். அவர் பெற்ற பதக்கங்கள் அதில் பதிவாகியிருக்கும். வீர விருதுகள் இந்திய அரசிதழில் வெளியாகின்றன. பாதுகாப்பு அமைச்சகம் விருது பெற்றோருக்கென நடத்தும் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். விழாவுக்கு அழைக்கும் தலைமையாசிரியரும் சங்கத் தலைவரும் ஒரு வாரம் முன்பே, "அண்ணாச்சி, உங்க சர்வீஸைப் பத்திப் பிள்ளைகளுக்குச் சரியாச் சொல்லணும், புக்கைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டால் போதும். முன்னாள் படைவீரர் சங்கங்கள் இதை முன்னின்று செய்ய வேண்டும். தங்களுக்குள் ஒருவர் தவறினால் முதலில் கூப்பிட்டுக் கண்டிக்கும் உரிமையும் அவர்களுக்கே உண்டு. சகா என்பதற்காக மூடி மறைப்பவர்கள் வீழ்ந்த சகாவுக்குத் துரோகம் செய்கிறார்கள்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். அதற்கு முன்பாக, தென்காசி மாவட்டப் பள்ளிகளிலும் ஊராட்சிகளிலும் நடக்கும் விழாக்களில் கௌரவிக்கப்படும் ஒவ்வொருவரின் படைப்பிரிவும் பணியாற்றிய இடமும் பெற்ற பதக்கங்களும் சரிபார்க்கப்பட்டு மேடையில் வாசிக்கப்பட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதற்குத் துணை நிற்கட்டும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் 168-ஆவது பிரிவைத் திருத்தக் குரல் கொடுக்கட்டும். அடுத்த முறை மெடல் அணிந்த ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால், கை கூப்புங்கள். கூப்பிய பிறகு, அது எந்த இடத்து மெடல் என்று கேளுங்கள்.