கடி அடங்கினால் நோய் தீர்ந்துவிட்டதா?

எம்மவர் கடைகளில் மிளகாய்த்தூள் பைகளுக்கு அருகே சிறு மண்ணிறப் போத்தல்கள் இடம்பிடித்திருக்கின்றன. ரீ ட்றீ எண்ணெய், யூக்கலிப்டஸ் எண்ணெய், கராம்பு எண்ணெய் எனப் பல. படர்தாமரை, சேற்றுப்புண், நகத்தில் பிடிக்கும் பங்கசு அனைத்துக்கும் இவை கைகண்ட மருந்து என்கிறார்கள். இயற்கையானவை, ஆதலால் தீங்கற்றவையாம். எட்டிக்காயும் இயற்கையானதுதான்.

இவற்றில் ஒன்றுமேயில்லை என்று நான் கூற வரவில்லை. ரீ ட்றீ எண்ணெய் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்குரிய மரமொன்றின் இலைகளை நீராவியால் வடித்துப் பெறப்படுவது; நாம் குடிக்கும் தேயிலைக்கும் அதற்கும் உறவில்லை. அதிலுள்ள ரேர்பினின்-4-ஓல் என்னும் பொருள் பங்கசுக் கலங்களின் மென்சவ்வைச் சிதைப்பது ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட உண்மை. தோலில் நடப்பது வேறு.

1992ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய வைத்தியர்கள் காலிற் சேற்றுப்புண் கண்ட 104 பேரிடம் இதனைச் சோதித்தனர். சிலருக்கு 10 வீதம் எண்ணெய் கலந்த களிம்பும், சிலருக்கு ரொல்நவ்ரேற் என்னும் பங்கசுக்கொல்லியும், ஏனையோருக்கு மருந்தில்லா வெறுங்களிம்பும் கொடுக்கப்பட்டன. கடியும் எரிவும் எண்ணெய் பூசியவர்களுக்கும் மருந்து பூசியவர்களுக்கும் ஏறத்தாழ ஒரேயளவில் தணிந்தன. ஆனால் தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தபோது, மருந்து பூசியோரில் 85 வீதத்தினரிடம் பங்கசு அற்றுப்போயிருந்தது. எண்ணெய் பூசியோரில் 30 வீதத்தினரிடம் மட்டுமே. வெறுங்களிம்புக்கே 21 வீதம்!

2002இல் இன்னொரு ஆய்வு 50 வீதச் செறிவில் 64 வீதத்தினருக்குக் குணம் கண்டது. அதே ஆய்வில் எண்ணெய் பூசிய சிலருக்குத் தோல் கடுமையாக அழன்றது. திறந்து வைத்துப் பழசான எண்ணெய் ஒவ்வாமையை மேலும் தூண்டும்.

ஜேர்மனியின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் புகலிடம் கோருவோருக்கு முதற்காலத்தில் பெரும்பாலும் திடீர் நோய்க்கும் வலிக்குமே சிகிச்சை அளிக்கிறது. அந்நிலையில், தோற்கடிக்காக வைத்தியரிடம் போகக் கூச்சப்படுபவர் எண்ணெயை நாடுவது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் பலர் ஒரே குளியலறையைப் பாவிக்கும் முகாமில், கடி அடங்கியவர் தாம் குணமடைந்ததாக எண்ணித் துவாயைப் பகிர்ந்தால் நோய் அடுத்த கட்டிலுக்குப் போகும். கிளோற்றிமசோல் களிம்பைப் பல ஐரோப்பிய நாடுகளில் வைத்தியரின் துண்டின்றியே மருந்தகத்தில் வாங்கலாம். அடையாளங்கள் மறைந்த பின்னும் இரு வாரங்களேனும் அதனைப் பூசவேண்டும்.

ஊரிலிருந்து வருவோரின் பெட்டியில் வரும் ஸ்ரெரொயிட் கலந்த களிம்புகள் எண்ணெயிலும் கேடானவை. அவை கடியை உடனே அடக்கிவிட்டுப் பங்கசை வளரவிடுகின்றன. 2020இல் புதிய இனமென விவரிக்கப்பட்ட ஒருவகைப் பங்கசு, தென்னாசியாவிலிருந்து ஐரோப்பா வரை பரவியிருக்கிறது. பல வேளைகளில் ரேர்பினாபின் மாத்திரைக்கும் அது அடங்குவதில்லை. ஆகவே நாட்பட்ட படர்தாமரையை வைத்தியர் பார்த்தேயாகவேண்டும். சிறுவர்களின் தலையில் வரும் பங்கசுப் படைக்கோ பூச்சு மட்டும் போதாது. உட்கொள்ளும் மருந்து வேண்டும்.

கடை நடத்தும் சகோதரர்கள் போத்தலில் இரண்டு வரிகளையாவது தமிழில் ஒட்டலாம். செறிவாகப் பூசாதீர். குழந்தைகளுக்கு எட்டாது வையுங்கள், விழுங்கினால் நஞ்சு.