தியாகத்தைப் பாராட்டினால் மட்டும் போதுமா?

விண்வெளி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் நிலவில் கால்பதித்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங். ஏவுதளத்தில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்து, பாய்ந்துசென்ற ஏவுகணைகளைக் கண்காணிக்க வழிசெய்த தொழில்நுட்பர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர், 2020ல் மறைந்த ஜூலியஸ் மாண்ட்கோமரி.

1929ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். டஸ்கேகியில் படித்தார், விமானப்படையில் பணியாற்றினார், வானொலித் தொழில்நுட்பத்தில் முதல்நிலை உரிமம் பெற்றார். 1956ல் ஃபுளோரிடாவின் கேப் கனாவரலில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குமுன் கறுப்பினத்தவருக்கு அங்கு துப்புரவு போன்ற பணிகளே கிடைத்தன. தொழில்நுட்பப் பணிக்கு எடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவரே.

முதல் நாளன்று வெள்ளையின சக ஊழியர்கள் அவருடன் கைகுலுக்க மறுத்தனர். கடைசியாக இருந்தவர், வெள்ளையரிடம் இப்படியா பேசுவது என்று கேட்டார். மாண்ட்கோமரி தலைகுனியவில்லை, கைநீட்டிச் சண்டைக்கும் போகவில்லை. குத்தலான நகைச்சுவையில் பதில் சொன்னார். அந்த மனிதர் சிரித்துவிட்டுக் கைகொடுத்தார்.

இதைவிடக் கடினமான சோதனை 1958ல் வந்தது. ஏவுதள ஊழியர்கள் மேற்படிப்பைத் தொடர, ஜெரோம் கியூப்பர் என்ற இயற்பியலாளர் பிரவார்ட் பொறியியல் கல்லூரியை மாலைநேர வகுப்புகளாகத் தொடங்கினார். சொந்தக் கட்டடம் இல்லாததால் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் வகுப்பு நடத்தத் திட்டம். மாண்ட்கோமரியும் விண்ணப்பித்தார். கறுப்பின மாணவர் சேர்ந்தால் பள்ளியில் இடமில்லை என்று வட்டாரக் கல்வி அதிகாரி கூறிவிட்டார். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதமென அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன!

மாண்ட்கோமரி தம் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டார். கல்லூரி திறந்தது. பின்னர் அதற்குச் சொந்த இடம் கிடைத்ததும் அவரும் அங்கு மாணவரானார். இன்று அது ஃபுளோரிடா தொழில்நுட்பக் கழகம் என்ற பல்கலைக்கழகம். அவர் பெயரில் அங்கு விருதும் வழங்கப்படுகிறது.

இக்கதையைக் கேட்பவர்கள் உடனே அவரது பெருந்தன்மையைப் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால், அத்துடன் நிறுத்திக்கொள்வது சரியல்ல என்பது என் கருத்து. விட்டுக்கொடுக்கும் நிலை அவருக்கு ஏன் வந்தது? அவருடன் விண்ணப்பித்த வெள்ளையின மாணவர்கள் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. கல்லூரி பிறப்பதற்கான விலையை ஒருவர் மட்டுமே கொடுத்தார். அந்த விலையை நிர்ணயித்தது அவருடைய தோலின் நிறம். தியாகத்தை மட்டும் கொண்டாடினால், அதற்குக் காரணமான அநீதி சத்தமில்லாமல் தப்பித்துவிடும்.

அப்படியானால் அவர் வழக்குத் தொடுத்துப் போராடியிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. போராடியிருந்தால் அந்த ஆண்டு யாருமே படித்திருக்க முடியாமல் போயிருக்கலாம். ஆனால், அவர் ஒதுங்கியே இருந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கதவு திறந்தபோது உள்ளே சென்றார். பின்னர் மெல்பர்ன் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரும் ஆனார். விண்ணப்பத்தைத்தான் மீட்டுக்கொண்டார், உரிமையை அல்ல.

இளையர்களாகிய நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ படிப்பதைக் குறைவாகப் பேசுபவர்கள், கருவியைச் சரிசெய்யும் கை இல்லாமல் எந்த ஏவுகணையும் கிளம்பாது என்பதை நினைத்துப் பார்க்கட்டும். அடுத்தது, ஒரு குழுவில் எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுக்கிறார் என்றால், நன்றி சொல்வதோடு நின்றுவிடாமல், “ஏன் இவர் மட்டும்?” என்று நாம் கேட்கப் பழக வேண்டும்.