கோடம்பாக்கம் போகாமல் சினிமா படிக்க முடியுமா?

"சினிமாவையெல்லாம் படிச்சா கத்துக்கிறது?"

தேனி மாவட்டத்தில் யாராவது ஊடகப் படிப்பில் சேரப் போகிறேன் என்று வாயைத் திறந்தால், முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் கையில் ஆதாரமும் தயாராக இருக்கும். அல்லிநகரத்து பாரதிராஜா எந்தத் திரைப்படக் கல்லூரியில் படித்தார்? பண்ணைப்புரத்து இளையராஜா எந்தப் பட்டத்தைக் காட்டி 1976-ல் 'அன்னக்கிளி' வாய்ப்பை வாங்கினார்? அதிலும் வீட்டில் இருந்தபடியே, இணையவழியில், சினிமாவும் ஊடகமும் முதுகலை படிக்கப் போகிறேன் என்றால் கேட்கவே வேண்டாம். சிரிப்புதான்!

இந்தச் சிரிப்பில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதைக் கோம்பையில் இருந்து பார்ப்பது பொருத்தமாக இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு நாய் இனத்தின் பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி. பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர். அதாவது, இளையராஜாவை உதாரணம் காட்ட இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் உரிமை வேறு யாருக்கும் கிடையாது.

இதுவரை தமிழ் சினிமாவுக்குள் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பட்டறை வழி. பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1977-ல் '16 வயதினிலே' எடுத்தார். இன்னொன்று கல்லூரி வழி. பாலு மகேந்திரா மட்டக்களப்பில் இருந்து புனே திரைப்படக் கல்லூரிக்கு வந்து ஒளிப்பதிவு படித்தார். இரண்டில் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. இரண்டுக்குமே முதலில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும்!

வணிகவியல் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கைவிடும் இன்னொன்றின் மதிப்பு அது. உதவி இயக்குநராகச் சேர்ந்தவர் சென்னையில் சரியான சம்பளம் இல்லாமல் காத்திருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும், அறை வாடகையோடும் சாப்பாட்டுச் செலவோடும், ஊரில் இருந்திருந்தால் வந்திருக்கும் வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்கு எழுத வேண்டும். அப்படி எழுதினால், திறமை இருக்கிறவர்கள் போனார்கள் என்பதைவிட, போக முடிந்த திறமைசாலிகள் போனார்கள் என்பதே சரியான கணக்காக இருக்கும். போக முடியாதவர்களின் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

பி.காம். முடித்துவிட்டு போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கெழுதும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். படம் பார்த்தால் அடுத்த நாளெல்லாம் அதே யோசனையாக இருக்கிறவள். சென்னைக்குப் போய்ச் சினிமா படிக்கிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "மெட்ராசுக்கு அங்கிட்டுத் தனியாப் போயி என்ன செய்யப் போற தாயி?" அத்தோடு பேச்சு முடிந்தது. இந்தப் பக்கத்துச் சினிமாக்காரர்கள் என்று உடனே நினைவுக்கு வரும் பெயர்கள் பாரதிராஜா, இளையராஜா, கங்கை அமரன். இந்த மூன்று பெயரில் ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை. இதற்குத் திறமைக் குறைவா காரணம்? சென்னைக்குப் போகும் பஸ்ஸில் யாரை ஏற விட்டார்கள் என்பதுதானே காரணம்?

இணையவழிப் பட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் இந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, இளையராஜாவுக்கு வருவோம். அவரைப் படிக்காத மேதை என்று சொல்வதில் பலருக்கும் ஒரு சந்தோஷம். ஆனால் உண்மை வேறு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாக மேற்கத்திய இசை படித்தவர் அவர். லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வை லண்டனுக்குப் போகாமலே எழுதித் தங்கப் பதக்கத்தோடு தேறியவர். கோம்பைக்குப் பக்கத்து ஊர்க்காரர், இணையம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், கடல் கடந்த ஒரு கல்லூரியிடம் தொலைவில் இருந்தபடியே சான்றிதழ் வாங்கியிருக்கிறார்! தொலைநிலைக் கல்வியைக் கேலி செய்ய இளையராஜா பெயரை இழுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காக, லண்டன் சான்றிதழ்தான் அவரை இசையமைப்பாளர் ஆக்கியது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவருக்கு மூன்று விஷயங்கள் சேர்ந்து அமைந்தன. தொலைவில் ஒரு பாடத்திட்டமும் தேர்வும். அருகில் தவறைத் திருத்த ஒரு ஆசிரியர். கையில் தினசரி வேலை, ஜி.கே.வெங்கடேஷின் குழுவில் வாசித்துக்கொண்டும் உதவியாளராக இருந்துகொண்டும்தான் அவர் தொழிலைக் கற்றார். இன்றைய இணையவழிப் படிப்பு இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே தரும். மற்ற இரண்டையும் படிப்பவரும் ஊரும்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இதைத் தெரிந்து சேர்ந்தால் லாபம். தெரியாமல் சேர்ந்தால் நஷ்டம்.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் கொண்டுவந்த தொலைநிலை, இணையவழிக் கல்வி விதிகளின்படி மருத்துவம், பொறியியல் போலவே காட்சிக் கலைகளையும் இந்த முறையில் பட்டமாக நடத்த அனுமதி இல்லை. கேமராவைத் தொடாமல் ஒளிப்பதிவாளர் ஆக முடியாது என்று அரசே ஒப்புக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தொலைநிலையிலும் இணையவழியிலும் கிடைப்பது இதழியல், மக்கள் தொடர்பியல் போன்ற, ஊடகத்தை ஆராயும் படிப்புகள். 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியலில் முதுகலையைத் தொலைநிலையில் நடத்துகிறது. ஆக, இது படம் எடுக்கக் கற்றுத்தரும் படிப்பு அல்ல. படத்தைப் படிக்கக் கற்றுத்தரும் படிப்பு.

படத்தைப் படிப்பதால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி வரும். தியடோர் பாஸ்கரனைப் பாருங்கள். அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக வேலை பார்த்தவர். அந்த வேலையோடு தமிழ் சினிமா வரலாற்றைத் தோண்டி எடுத்து ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். 'எம் தமிழர் செய்த படம்' படிக்காமல் இன்று யாரும் தமிழ் சினிமா ஆய்வைத் தொடங்க முடியாது. (இந்திய நாய் இனங்களைப் பற்றியும் புத்தகம் எழுதியவர் அவர். கோம்பைக்காரர்கள் அந்த வகையிலும் அவருக்குக் கடன்பட்டவர்கள்!) ஒரு படத்தையும் இயக்காமல் சினிமாவுக்கு இவ்வளவு செய்ய முடியும் என்றால், வேலை பார்த்துக்கொண்டே இரவில் படிக்கும் ஒருவருக்கு அது சின்ன நம்பிக்கையா?

நம்பிக்கை இருந்தால் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். இரண்டு வருட முதுகலைக்குப் பொதுவாக 80 கிரெடிட். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. பெருக்கினால் 2400 மணி நேரம். இரண்டு வருடத்துக்குப் பங்கு போட்டால், ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்துத் தினமும் 3 மணி நேரத்துக்கு மேல். போடியில் இருந்து மாலை பஸ் பிடித்து வீடு வந்து, வீட்டு வேலையும் முடித்துவிட்டு, இந்த 3 மணி நேரத்தை யார் கொடுப்பது? படிக்க அனுமதித்தோம் என்று பெருமைப்படும் குடும்பங்கள் இந்த நேரத்தையும் கொடுத்தால்தான் அது அனுமதி.

பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவையும் உண்டு. அந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்கின்றனவா என்று அதன் இணையதளத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஏஜெண்ட் வார்த்தையை நம்பக் கூடாது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு தெளிவாக்கியது. எனவே 55 சதவீதம் எடுத்து நெட் தேர்வு எழுதுவது, காட்சித் தொடர்பியல் துறையில் ஆசிரியர் வேலைக்கு முயல்வது, பத்திரிகை, தொலைக்காட்சி வேலைக்குப் போவது எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டம் உதவும். சான்றிதழைக் காட்டி ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அங்கே யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

ஆர்வம் உண்மையானதா என்று சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்திய திரைப்பட ரசனைப் பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை முழுவதும் பார்த்து முடிக்கப் பொறுமை இல்லாதவர் இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

மிச்சம் இருப்பது ஆசிரியரும் வேலையும். இதில்தான் ஊர் செய்ய வேண்டியது இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் தனித்தனியாக இப்படிப் படிக்கும் ஐந்தாறு பேர் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தாலே பாதி வகுப்பறை தயார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நூலக அறையோ, உத்தமபாளையம் கல்லூரியில் ஒரு வகுப்பறையோ கிடைத்தால் சேர்ந்து படம் பார்த்துச் சண்டை போடலாம். ஒரு பருவத்துக்கு ஒருமுறையாவது செல்போனிலேயே பத்து நிமிட ஆவணப்படம் எடுத்துக் காட்டித் திட்டு வாங்கலாம். கதைக்கா பஞ்சம்? விடியும் முன்னே கூலி வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரள ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகள் இருக்கின்றன. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-ல் வந்தபோது, இந்த மலையில் சுமை தூக்குகிறவன் ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்குவதைத் தமிழ்நாடே பார்த்தது. அந்த ஜீப்பில் போகும் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை இன்னும் யாரும் முழுதாகப் படமாக்கவில்லை.

அதை எடுக்கக்கூடிய ஒருத்தி ஒருவேளை போடியில் கணக்கெழுதிக்கொண்டு இருக்கலாம். அவள் கோடம்பாக்கம் போகத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தப் படம் வராது. வீட்டிலிருந்தே ஒரு பட்டம் வாங்கிவிட்டால் போதும் என்று சொன்னாலும் வராது. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடும். தினமும் 3 மணி நேரத்தை வீடும், ஞாயிற்றுக்கிழமை ஒரு அறையை ஊரும் கொடுக்குமா?