வக்கீலுக்கு விளம்பரம் எதற்கு?

வக்கீல் வேண்டுமென்று கைபேசியில் தேடினால், நட்சத்திரக் குறிகளுடன் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. சோப்புக்கும் சட்டத்துக்கும் ஒரே கடைதானா?

1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த 36-வது விதி, வக்கீல்கள் விளம்பரம் செய்யலாகாது என்கிறது. தரகர் வைத்தும் வழக்குப் பிடிக்கலாகாது. பெயர்ப் பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும். 'முன்னாள் நீதிபதி' என்று அதில் எழுதலாகாது. 2008-ல் சிறு சலுகை வந்தது: பெயர், விலாசம், பதிவு எண், படிப்பு, தொழில் செய்யும் துறை போன்ற விவரங்களை மட்டும் இணையதளத்தில் தரலாம்.

இந்த விதியை மீறி இணையதளங்களில் விளம்பரம் தேடும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்று, 2024 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு கண்டிப்பாகச் சொன்னது. கண்டனம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை, பதிவிலிருந்து பெயர் நீக்கம் ஆகிய தண்டனைகள் சட்டத்தில் உண்டு.

சரியான தீர்ப்பே. சோப்பு பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு வாங்கலாம். தவறான வக்கீலை நம்பினால் போவது நிலம்; சில சமயம் பிள்ளையின் விடுதலை.

ஆனால், கோர்ட்டு வாசலில் கிராமவாசியை மடக்கும் தரகரை எந்த இணையதளமும் அனுப்பவில்லை. அவரை அனுப்பியவர் மீதும் அதே விதி பாய வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு கோர்ட்டு வாசலிலும், அவ்வூர் வக்கீல்களின் பெயர், பதிவு எண், துறை அடங்கிய பட்டியலை பார் கவுன்சிலே ஒட்டி வைக்கட்டும். ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும் இடத்தையும் அதில் குறிக்கட்டும்.

விளம்பரத்தை அடைத்தவர்கள், வழியைக் காட்ட வேண்டாமா?